பன்னிரண்டாம் நம்பர் காட்

எழுபதைத் தாண்டியவர்களே, இது உங்களுக்கு. மற்றவர்களிடம் கட்டிலைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவர்கள் படுத்த ஐந்தாவது நிமிடம் குறட்டை விடுகிறார்கள்.

என் மகன் எனக்கு ஒரு புதுக் கட்டில் வாங்கியிருக்கிறான். கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயருமாம். வியாழக்கிழமை வருகிறது. அது உள்ளே வரவேண்டுமென்றால் என் அறையிலுள்ள பழைய இரும்புக் கட்டில் வெளியே போகவேண்டும். அறை பத்துக்கு ஒன்பது. இரண்டும் சேர்ந்து நிற்க வழியில்லை என்று மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டேன். பழைய இரும்பு எடுப்பவருக்கு மகன் சொல்லியும் அனுப்பிவிட்டான். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை, அதுதான் எரிச்சல்.

இந்த வீட்டில் அந்தச் சாமானுக்கு ஆளுக்கொரு பெயர். மருமகள் பெட் என்கிறாள். மகன் காட் என்கிறான். கடைக்காரன் கட்டிலுக்குக் காட் என்றும் மெத்தைக்குப் பெட் என்றும் சீட்டில் தனித்தனியாக எழுதியிருக்கிறான். போன மாதம் லண்டனிலிருந்து மகள், "காட் வந்துடுச்சுப்பா" என்று படம் அனுப்பினாள். பார்த்தால் நான்கு பக்கமும் கட்டை அடித்த கூண்டு. உள்ளே என் பேரன் ஜாமீன் கிடைக்காதவன்போல உட்கார்ந்திருக்கிறான். ஒரு பக்கத்துக்குப் பதினாறு கட்டை. அந்த ஊரில் காட் என்றால் குழந்தை படுப்பது மட்டும்தானாம், பெரியவர்கள் படுப்பதை அப்படிச் சொன்னால் சிரிப்பார்களாம். சிரிக்கட்டும். பள்ளி இறுதி வகுப்பில் ஆங்கில வாத்தியார், காட் என்றால் குடிசை என்று சொல்லிக்கொடுத்தார். ஓர் ஆட்டிடையன் சாயங்காலம் மலையிறங்கித் தன் 'காட்'டைத் தேடிப் போவதாகப் பாட்டு. நான் வருஷம் முழுக்க மலைச்சரிவில் ஒரு கட்டில் போட்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டு படித்தேன். கட்டில் என்ற நம் சொல்தான் ஊர் ஊராகப் போய், தேய்ந்து, காட் என்று திரும்பி வந்தது என்பார் தமிழ் ஐயா. நான் சரிபார்க்கவில்லை.

எனக்கு அந்த வார்த்தை வாத்தியார் மூலம் வரவில்லை. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு புரட்டாசியில், ஆஸ்பத்திரியில் வந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீடு. எல்லாவற்றிலும் தறி. கட்டில் இருந்தது மூன்றே வீட்டில். கட்டிலை எங்கே போடுவது? கூடத்தில் பாதியைத் தறிக்குழி எடுத்துக்கொள்ளும், மீதியில் பாய் விரிப்போம். விடிந்ததும் பாயைச் சுருட்டினால்தான் நடக்க வழி. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, சித்தப்பா, நான், தங்கை என்று ஐந்து பேர், பாய் மூன்று. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே தறியில் வேலை செய்வார்கள். அப்பா நடுவில் உட்காருவார், சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவை எறிவார். சித்தப்பாவுக்கு இருபத்துநாலு வயது. வாய் ஓயாது. பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் கைக்கடிகாரம் கட்டியிருந்த இரண்டு பேரில் அவர் ஒருவர், அதற்காகவே அரைக்கைச் சட்டை போடுவார்.

அவருக்குக் காய்ச்சல் வந்து, மார்பில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அந்த வார்டில் இருபது கட்டில், முப்பத்துமூன்று பேர். முதல் மூன்று நாள் சித்தப்பா பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் தரையில் படுத்திருந்தார். யாரைக் கேட்டாலும், "காட் காலியில்லப்பா" என்றார்கள். நான்காம் நாள் பன்னிரண்டு காலியானது. அது எப்படிக் காலியானது என்று சித்தப்பா கேட்டார். நர்ஸம்மா விரிப்பை மாற்றினார்.

அங்கே ஆளுக்குப் பெயர் கிடையாது. பன்னிரண்டாம் காட்டுக்கு ஊசி போட்டாச்சா, பன்னிரண்டாம் காட் கஞ்சி குடிச்சுதா, பன்னிரண்டாம் காட் ஏன் எழுந்து நடக்குது என்றுதான் பேச்சு. சித்தப்பாவுக்கு அது வேடிக்கை. "பேரு போயி நம்பரு வந்துச்சுடா. கல்யாணப் பத்திரிகையில இத்தயே போடச் சொல்லு" என்றார். அம்மா அவர் வாயைப் பொத்தினாள்.

கட்டிலேறிய பதினான்காம் நாள் அந்த இடம் வேறொருவருக்கு வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். நர்ஸம்மா மட்டும் அப்பாவை வராந்தாவில் நிறுத்தி, வீட்டில் காட் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் முகம் சுளித்தார். எப்படியாவது ஒன்று பிடிக்கவேண்டும், தலைப்பக்கக் கால் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் வைக்கவேண்டும், ஒரு மாதத்துக்கு அவரை மட்டமாகப் படுக்க வைக்கக்கூடாது, அதிலும் மழைக்காலத்துத் தரையில் கூடவே கூடாது என்றார். பிறகு, கடிகாரம் பார்க்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

"ஒரு நிமிஷத்துக்கு மாரு எத்தினி தரம் ஏறி எறங்குதுன்னு எண்ணு. காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா, நோட்டுல எழுது. கொறஞ்சிக்கினே வந்தா நல்லாகிறாருன்னு அர்த்தம். நாப்பதைத் தாண்டிச்சுன்னா யாரையும் கேக்காத, தூக்கிக்கினு வந்துடச் சொல்லு."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. பிறகு முப்பத்தொரு வருஷம் அரசாங்கத்தில் புள்ளிவிவரம் எடுத்தேன். அந்த நர்ஸம்மா சொன்ன மாதிரித் தெளிவாக ஒரு மேலதிகாரியும் எனக்கு உத்தரவு போட்டதில்லை.

கட்டில், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் வீட்டிலிருந்து வந்தது. இரண்டு தெரு தள்ளி வீடு. அப்பா அங்கே கேட்கப் போனபோது நானும் போனேன். கேட்கும் விதம் தெரியாமல் அப்பா மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த வீட்டம்மா குறுக்கே புகுந்து, பின்கட்டில் கட்டில் சும்மாதான் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். பச்சை வர்ணம் அடித்த இரும்புக் கட்டில். படுக்கும் இடத்தில் பருத்தி நாடா பின்னியிருந்தது. தலைப்பக்கம் ஏழு கம்பி, கால்பக்கம் ஐந்து. அப்பா முன்னால் பிடிக்க, பக்கத்து வீட்டுக்காரர் பின்னால் பிடிக்க, நான் பக்கத்தில் நடந்தேன். எங்கள் வீட்டுக்கு அறுநூற்று நாற்பது அடி.

கட்டில் வந்ததும் வீடு சுருங்கிவிட்டது. அதன் கால்பக்கம் தறிக்கட்டையை முட்டியது. அப்பா தினமும் முழங்காலை இடித்துக்கொண்டார். தங்கை அதற்கடியில் பொம்மையோடு குடியேறினாள். எல்லோரும் அதைக் காட் என்றே சொன்னோம். கட்டில் என்றால் கல்யாணச் சாமான், காட் என்றால் வைத்தியச் சாமான் என்று எங்களுக்குள் ஒரு பிரிவினை எப்படியோ வந்துவிட்டது. சித்தப்பாவுக்கு உயரத்தில் உட்கார்ந்திருக்கக் கூச்சம். அண்ணன் தரையில் இருக்க, தான் மேலே இருந்து கஞ்சி வாங்கிக் குடிப்பது அவருக்கு ஒப்பவில்லை. காலைத் தொங்கப்போடாமல் மடக்கிக்கொண்டே இருப்பார்.

முதல் நாள் முப்பத்தாறு. நான் அவருடைய கடிகாரத்தையே வாங்கி வைத்துக்கொண்டு எண்ணினேன். எண்ணி முடித்ததும், "பாஸா, ஃபெயிலாடா?" என்பார். ஒரு வாரத்தில் முப்பது. அடுத்த வாரம் இருபத்தேழு. ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டது. தறிக்குழியில் தண்ணீர் ஊறி, நெசவு நின்றது. மண் தரை முழுக்க ஓதம். பாயில் படுத்தால் முதுகு சில்லிடும். கட்டிலில் சித்தப்பா மட்டும் காய்ந்து கிடந்தார். பதினேழாம் நாள் காலையில் இருபத்தைந்து.

அன்றைக்குச் சாயங்காலம்தான், பாலாற்றில் தண்ணீர் வருகிறது என்று சொல்லிக்கொண்டு ஊரே ஓரிக்கைப் பக்கம் ஓடியது. உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பாலாறு நமக்கு மணல்தான். அதில் கரை நிறையத் தண்ணீர் போவதைப் பார்ப்பது திருவிழா மாதிரி. நானும் ஓடினேன். ஓலைக்கூரை ஒன்று முழுசாக மிதந்து போனது, அதன்மேல் ஒரு கோழி. பின்னால் ஏழு பூசணிக்காய். திரும்பி வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். சித்தப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கடிகாரத்தை எடுத்தேன். பசி. காலையில் இருபத்தைந்து, குறைந்துகொண்டேதான் வருகிறது, எண்ணினாலும் இருபத்துநாலுதான் வரப்போகிறது என்று தோன்றியது. இருபத்துநாலு என்று எழுதிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். மறுநாள் காலை எண்ணினேன். சரியாக இருபத்துநாலு. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பெரிய மாமாவைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். அம்மாவுக்கு மூத்த அண்ணன். கோடி வீட்டில் இருந்தார். நாடி பிடித்துப் பார்த்து, இன்னார் இன்னும் இத்தனை நாள் என்று சொல்லுவார். நான்கு பேருக்குச் சொன்னார், நான்கும் பலித்தது என்று தெருவே பேசும். பலிக்காதது எத்தனை என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. நான் பெரியவனான பிறகு விசாரித்துப் பார்த்தேன். ஏழு. அதில் இருவர் அவருக்குப் பிறகும் இருந்தார்கள். மாமா கெட்டவர் இல்லை. சித்தப்பாவுக்குத் தினமும் முருங்கைக்கீரை பறித்துக்கொண்டு வந்து கொடுத்தவர் அவர்தான். நல்லவர்கள் தவறு செய்தால் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் போகிறது.

இருபதாம் நாள். காலை ஏழு மணி. நான் எண்ணி முடித்திருந்தேன். இருபத்துமூன்று. இன்னும் எழுதவில்லை. சித்தப்பா ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக இருமாமல் தூங்கினார், வாய் லேசாகத் திறந்து, கண் முழுசாக மூடாமல். கீரையோடு வந்த மாமா அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்திருக்கும். அந்த மழையில் யார் பாதம் சில்லென்று இல்லை? பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சித்தப்பா புரண்டுகூடப் படுக்கவில்லை. மாமா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு அப்பாவைத் தள்ளிக்கொண்டுபோய்த் தறிக்குழி ஓரம் நிறுத்தி, இன்று பொழுது தாங்காது, இறக்கிவிடு என்றார்.

இறக்குவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். இளையவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டிலில் உயிர் போகக்கூடாது, மண்ணில் தலை சாய்ந்துதான் போகவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் முடியும் தறுவாயில் இருக்கிறவரைத் தூக்கித் தரையில், தெற்கே தலை வைத்துக் கிடத்திவிடுவார்கள். எங்கள் தெருவில் எல்லோரும் தரையிலேயே படுப்பதால் அந்த வேலை அதிகம் வந்ததில்லை. எங்கள் வீட்டில் காட் இருந்ததால் வந்தது.

அப்பா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நர்ஸம்மா தரையில் போடக்கூடாது என்று சொல்லியிருப்பதைச் சொன்னார்.

"கட்டிலு நம்பளுதா?" என்று கேட்டார் மாமா.

அப்பா இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப இன்னாத்துக்கு யோசிக்கிற? ஊரார் கட்டில்ல உசுரு போச்சுன்னா, அத்த எந்த மூஞ்சிய வெச்சிக்கினு திருப்பிக் குடுப்ப? கேக்காமலே எடுத்துக் குடுத்த மகராசி, அவங்க வூட்டுக்கா கொண்டுபோயி போடுவ?"

அப்பா அடிபட்டது அங்கேதான். அவர் இரவல் விஷயத்தில் அப்படி. ஒரு படி அரிசி வாங்கினால் கோபுரமாக அளந்து திருப்பிக் கொடுப்பார். வாங்கிய அன்றே கொடுக்க முடியாத பொருள் வீட்டில் இருந்தால் சாப்பாடு இறங்காது. அந்தக் கட்டில் வந்ததிலிருந்து அவர் அதில் ஒரு தடவைகூடக் கை ஊன்றி நான் பார்த்ததில்லை. பல வருஷம் நான் அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று கோபித்துக்கொண்டேன். இப்போது பார்த்தால் அது மூடநம்பிக்கைகூட இல்லை, மரியாதை. அடுத்தவர் பொருளைக் கெடுத்துவிடக்கூடாது என்கிற மரியாதை. அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கொறஞ்சிக்கினே வருது, இன்றைக்கு இருபத்துமூணுதான் என்று கத்தினேன். அப்பா நோட்டை வாங்கினார். அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், எண் நன்றாகத் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தார். மொத்தம் முப்பத்தெட்டு வரி. அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். மாமாவிடம் நோட்டை நீட்டி, பையன் எழுதியிருக்கிறானே மாமா, இறங்கிக்கொண்டுதானே வருகிறது என்றார்.

மாமா அதை மரியாதையாகத்தான் வாங்கிப் பார்த்தார். பதினேழாம் நாள் சாயங்காலத்தில் விரலை நிறுத்தினார். அந்தச் சாயங்காலம் தான் இங்கேதான் இருந்ததாகவும், சித்தப்பாவைக் கொல்லைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வந்ததாகவும், வந்து படுத்தவருக்கு விளக்கு வைக்கும் வரை மூச்சு இரைத்ததாகவும் சொன்னார். இதில் இருபத்துநாலு என்று இருக்கிறது. பையன் அப்போது எங்கே இருந்தான்?

தங்கைதான் கட்டிலுக்கடியிலிருந்து, "அண்ணன் தண்ணி பாக்கப் போச்சு" என்றாள்.

அப்பா என் முன்னால் குனிந்தார்.

"எண்ணினியா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நெசமா எண்ணினியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அது ஒன்றுதான், மற்றதெல்லாம் எண்ணினது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா அதற்குள் நோட்டை மூடி மாடத்தில் வைத்துவிட்டார். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

முப்பத்தெட்டில் ஒன்று. வேலைக்குப் போன பிறகு எத்தனையோ கணக்கில் பத்துக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று பொய்யாக வந்தும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு மட்டும் ஒன்று போதுமாக இருந்தது.

நான்கு பேர் தூக்கினார்கள். தரையைச் சாணம் போட்டு மெழுகி, பழைய வேட்டி ஒன்றை விரித்திருந்தார்கள். பாதி தூரம் இறக்கும்போதே சித்தப்பா விழித்துக்கொண்டார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா, எறக்கிட்டீங்களா?" என்றார்.

அப்பா அவர் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பொழுது போனது. சித்தப்பா போகவில்லை. சாயங்காலம் கஞ்சி கேட்டார். மறுநாள் பொழுதும் போனது. மட்டமாகப் படுத்தால் இருமல் வருகிறது, மேலே ஏற்றுங்கள் என்று அவரே கேட்டார். அம்மாவும் கேட்டாள். அம்மா அண்ணனை எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்: "காட்டு சும்மாதானே நிக்குது?" என்றாள். நின்றுகொண்டுதான் இருந்தது. கழுவித் துடைத்து, திருப்பிக் கொடுப்பதற்காகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். இறக்கியவரைத் திரும்ப ஏற்றுவது கூடாது, அது எமனைக் கேலி செய்வது, வீட்டில் இன்னொரு உயிரையும் கேட்கும் என்றார் மாமா. இதைச் சொல்லும்போது அவருடைய கண் தங்கையின்மேல் இருந்தது. அதற்குப் பிறகு அம்மா இரண்டு தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்தாள். தலையணை ஓதத்தில் நனைந்தது.

நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நோட்டு மாடத்தில் எட்டாத உயரத்தில் இருந்ததால், தறிக்கட்டையில் கரியால் எழுதினேன். இறக்கிய அன்று சாயங்காலம் இருபத்தேழு. மறுநாள் முப்பத்தொன்று. அப்புறம் முப்பத்தாறு. நான்காம் நாள் முப்பத்தொன்பது. சித்தப்பா பாஸா ஃபெயிலா என்று கேட்பதை நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் காலையில் நாற்பத்துமூன்று. நான்கு முறை எண்ணினேன். நாப்பதைத் தாண்டிடுச்சு என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். நம்ப மாட்டார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரிக்‌ஷா கூப்பிடப் போனார்.

ஆஸ்பத்திரியில் காட் காலியில்லை. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் தரையில் படுக்க வைத்தார்கள். நர்ஸம்மா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "பன்னெண்டு" என்றார். கிட்டே வந்து முதுகைத் தொட்டார். பிறகு என்னிடம், "தரையில போட்டீங்களா?" என்று கேட்டார். பெரியவர்கள் நால்வர் இருக்க, என்னைக் கேட்டார். நான் ஆமாம் என்றேன். சித்தப்பா மறுநாள் மத்தியானம் இறந்தார், தரையிலேயே. எட்டாம் நம்பர் காட் அவருக்காகக் காலியாகி, விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கடிகாரம் என் சட்டைப்பையில் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அப்பா கட்டிலை இன்னொரு முறை கழுவினார். புது நாடா வாங்கிப் பின்னினார். செங்கல் பட்ட இடத்தில் பச்சை வர்ணம் பூசினார். நானும் அவருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். அறுநூற்று நாற்பது அடி, நான்கு இடத்தில் இறக்கி வைத்தோம்.

ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா வாசலுக்கு வந்து, கட்டிலையும் எங்கள் இருவரையும் பார்த்தார். துக்கம் விசாரித்தார். அப்பா அதற்குப் பதில் சொல்லாமல், கட்டிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, முன்னாடியே இறக்கிவிட்டோம், அவர் இதில் போகவில்லை என்று ஒப்பிப்பதுபோலச் சொன்னார். அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்காகவாப்பா எறக்கினீங்க? எங்க மாமனாரு இதுலதான் போனாரு. அவருக்கு முன்ன அவரு தங்கச்சி இதுலதான் போனாங்க. நாங்க அப்புறமும் படுத்துக்கினுதானே இருந்தோம். ஒரு வார்த்த வந்து கேட்டிருக்கக் கூடாதா?"

அப்பா தன் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டார். நான் என் பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கட்டில் சரிந்து நின்றது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அந்த அம்மா. அப்பா மறுப்பார் என்று நினைத்தேன். யாரிடமும் எதையும் சும்மா வாங்காத மனிதர், குனிந்து, கம்பியைப் பிடித்துத் தூக்கினார். திரும்பி வரும்போது எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை.

அந்தக் கட்டில்தான் என் அறையில் இருப்பது. நான் படுத்த முதல் கட்டில் அது. பிறகு எத்தனையோ. சென்னையில் கல்லூரி விடுதியில் காட் என்றால் இடம். காட் கிடைச்சுதா என்றால் சேர்த்துக்கொண்டார்களா என்று அர்த்தம். என்.சி.சி. முகாமில் காட் என்றால் மடக்கிய கித்தான், புரண்டால் விரலைக் கடிக்கும். மொத்தம் பதினோரு கட்டில். ஒன்றிலும் நான் மட்டமாகத் தூங்கியதில்லை.

அப்பா அதில் படுக்கவே இல்லை. நான் சம்பாதித்து, மாடி வைத்துக் கட்டிய பிறகும் அதற்குப் பக்கத்தில் அவருக்குப் பாய்தான். அவருடைய எழுபத்தொன்பதாவது வயதில், அவருக்கும் மார்பில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. நான் கேட்காமல் அவரைத் தூக்கி அந்தக் கட்டிலில் போட்டேன். தலைப்பக்கம் நான்கு செங்கல். ஆறாம் நாள் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். மாமாவின் மகனும் வந்திருந்தார். அப்பன் வித்தை அவருக்கும் கொஞ்சம் உண்டு. பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னைத் தள்ளிக்கொண்டுபோய், எறக்கிடலாம்பா என்றார். பின்னால் நான்கு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. தலைக்குமேல் இருந்த கம்பியை ஒரு கை பிடித்திருந்தது.

"எண்ணினியா?" என்றார்.

முப்பத்துமூன்று வருஷத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான்.

"எண்ணினேம்பா. இருபத்தாறு."

"நெசமா?"

நான் சித்தப்பாவின் கடிகாரத்தை எடுத்தேன். சாவி கொடுத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் மார்பைப் பார்த்து, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாய்விட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. பதினைந்தில் மாமா மகன் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார். இருபதில் யாரோ வேட்டியை இறக்கிவிட்டார்கள். இருபத்தாறில் முள் பன்னிரண்டைத் தொட்டது.

"இன்னொரு தரம்" என்றார் அப்பா.